மூன்று சக்கர ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) சரிப்படுமா? பதினாறு படி, ஒரு பேத்தி, ஒரு குடை

கப்பல்பட்டறைத் தாத்தா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் இளம் தாய்மார்கள் என்று தெரியும். நான் சிங்கப்பூரில் இருக்கும் 66 வயதுத் தாத்தா. முப்பது வருடத்துக்கு மேல் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். சக்கரம், பேரிங், அச்சு என்றால் கை தானாகப் போகும். ஆனாலும் போன வாரம் குழந்தைச் சாமான் கடை ஒன்றில் நாற்பது ஸ்ட்ரோலருக்கு நடுவே நின்றபோது, தேர்த்திருவிழாவில் காணாமல் போன பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். அதனால்தான் கேட்கிறேன்.

பேத்திக்குப் பதினாறு மாதம். எடை 10 கிலோ 400. மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மாலை ஏழு மணி வரை எங்கள் பொறுப்பு. பாட்டிக்கு முழங்கால் வலி. அதனால் சாப்பாடு, குளியல், தாலாட்டு எல்லாம் அவள் பக்கம். வெளியே கொண்டுபோய் பஸ் காட்டி, புறா காட்டிக் கூட்டிவருவது என் பக்கம்.

இப்போது இருக்கும் வண்டி, குழந்தை பிறக்கும் முன்பே எக்ஸ்போ கண்காட்சி அரங்கில் நடந்த விற்பனையில் மகள் வாங்கியது. நான்கு சக்கரம், 13 கிலோ. கோப்பை வைக்க இடம், கைப்பேசி வைக்க இடம், நம் பக்கம் திருப்பிக்கொள்ளும் இருக்கை, எல்லாம் உண்டு. தூக்காத வரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

தூக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் வம்பு. எங்களுடையது எழுபதுகளில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக். லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நிற்கும், நாங்கள் ஆறில் இருக்கிறோம். எட்டும் எட்டும் பதினாறு படி. இடது கையில் பேத்தி, வலது கையில் 13 கிலோ. போன மாதம் பாதிப் படியில் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள். கண்ணும் தெரியவில்லை, கையும் காலியில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே இருக்கும் சீன அம்மா வந்து கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். மாட்டும்போது ஒரு பார்வை பார்த்தார், அதைச் சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் மாடி லிஃப்ட் வாசலிலேயே நிறுத்தக்கூடாதா என்பீர்கள். பொது வழியில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீயணைப்பைப் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. டேப் வைத்து அளந்தேன். வண்டியை நிறுத்தினால் மிஞ்சுவது 90 சென்டிமீட்டர்தான். தீப்பிடித்தால் நானே அதில் இடறி விழுவேன்.

மூன்று சக்கர ஆசை எங்கிருந்து வந்தது என்றால், பிஷான் – அங் மோ கியோ பூங்காவில் ஒருவர் ஒற்றைக் கையால் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு, மறுகையில் கோப்பி-ஓ (பாலில்லாத காப்பி) குடித்துக்கொண்டு போனார். வளைவிலும் கோப்பி சிந்தவில்லை. எனக்கும் ஒரு கை காலியாக வேண்டும். கோப்பிக்கு இல்லை, குடைக்கு.

வாரத்தில் இரண்டு நாள் தேக்கா சந்தைக்குப் போவோம். வடக்கு – தெற்கு ரயில் பாதையில் வந்து, தோபி காட்டில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. மீன், கீரை, பாட்டிக்கு முல்லைச்சரம். சந்தைத் தரை எப்போதும் ஈரம். வெளியே வந்தால் சிராங்கூன் சாலை ஐந்தடிப் பாதை (கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை), கடைக்குக் கடை தரை ஏறும் இறங்கும். மற்ற நாள் பஸ் ஏறிப் பூங்கா. பஸ்ஸில் வண்டியை மடக்கி, அவளை மடியில் வைத்து, பையைக் காலுக்கிடையில் வைத்து... போதும்.

மூன்று சக்கரம் கவிழுமா? காற்றடைக்கும் சக்கரம் நல்லதா, கெட்டிச் சக்கரமா? இந்தப் பதினாறு படிக்கு எத்தனை கிலோ வரை தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? வண்டிக்கு இல்லை, எனக்கு.


பொங்கோல் அம்மா:

அங்கிள், முதலில் பஸ் விஷயம். மடக்கவே வேண்டாம்! 2017 ஏப்ரலிலிருந்து பொதுப் பேருந்துகளில் ஸ்ட்ரோலரை விரித்தபடியே கொண்டுபோகலாம். சக்கர நாற்காலிக்கு என்று விட்ட இடத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, பிள்ளையின் பட்டையைப் பூட்டிவிட்டு, நீங்கள் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால் அவருக்குத்தான் முன்னுரிமை, அப்போது மட்டும் மடக்கிக்கொடுக்க வேண்டும். இத்தனை நாள் மடக்கிக்கொண்டா இருந்தீர்கள், பாவம்.

என்னிடம் இருப்பது மூன்று சக்கரம், காற்றடைக்கிற வகை. பின்னால் பெரிய சக்கரம் இரண்டு. பொங்கோல் நீர்வழி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால் மகன் தூங்கி வழிவான். புல், சரளை, வேர் மேடு எதுவும் தெரியாது. அதெல்லாம் சொர்க்கம்தான். ஆனால் எடை 12 கிலோ. எங்கள் புளோக்கில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்பதால் எனக்குக் கவலையில்லை, உங்களுக்கு ஆகாது.

இன்னொன்று, பஞ்சர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, முன் சக்கரத்தில் காற்று போய்விட்டது. மூன்று சக்கர வண்டியில் முன்னால் இருப்பது ஒன்றுதானே, அது போனால் எல்லாம் போச்சு. முன்பக்கத்தைத் தூக்கி, பின் இரண்டு சக்கரத்தில், கைவண்டி இழுக்கிற மாதிரி பின்னோக்கி இழுத்துக்கொண்டே வீடு வந்தேன். மகனுக்கு ஒரே குஷி. மறுநாள் எனக்குத் தோள்பட்டை தூக்க முடியவில்லை. டியூப் வாங்கக் கடைக்குப் போனால் அந்த அளவு இருப்பில் இல்லை, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கடைசியில் பக்கத்து சைக்கிள் கடைப் பெரியவர்தான் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்.

காற்றுச் சக்கரம் வாங்கினால் வாங்கிய அன்றைக்கே ஒரு டியூப் கூடுதலாக வாங்கி வையுங்கள். இல்லை, கெட்டிச் சக்கரத்துக்கே போய்விடுங்கள்.


நெட்டையன்:

ஐயா, பூங்காவில் நீங்கள் பார்த்த மனிதர் ஒற்றைக் கையால் தள்ளியது மூன்று சக்கரத்தால் இல்லை, கைப்பிடியால். குடைக்காம்பு மாதிரி இரண்டு தனித்தனிப் பிடி இருக்கிற மெலிந்த வண்டியை ஒற்றைக் கையால் தள்ளிப் பாருங்கள், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். ஒரே நீளக் கம்பியாகக் கைப்பிடி இருந்தால் நடுவில் பிடித்துத் தள்ளலாம். அது நான்கு சக்கரத்திலும் கிடைக்கும். முன்சக்கரம் ஒன்றாக இருந்தால் திருப்பம் இன்னும் லேசாக இருக்கும், அவ்வளவுதான். எனவே கடையில் முதலில் கைப்பிடியைப் பாருங்கள், அப்புறம் சக்கரத்தை எண்ணுங்கள்.

கவிழுமா என்று கேட்டீர்கள். நேராக ஓடும்போது கவிழாது. முன்சக்கரத்திலிருந்து ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் பாரம் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வரை பயமில்லை. நடைபாதை விளிம்பில் குறுக்காக இறக்கும்போதும், பிள்ளை முன்பக்கம் எக்கிப் பக்கவாட்டில் சாயும்போதும் பாரம் கோட்டைத் தாண்டப் பார்க்கும். நான்கு சக்கர வண்டிக்கு முன்மூலையில் ஒரு கால் இருக்கிறது, இதற்கு இல்லை. ஆகவே விளிம்பில் எப்போதும் நேராக இறக்குங்கள், பட்டையை ஐந்து இடத்திலும் பூட்டுங்கள். கைப்பிடியில் மீன் பையைத் தொங்கவிடாதீர்கள். குழந்தையை இறக்கிய மறுநொடி வண்டி மல்லாக்கப் படுத்துவிடும். நான் முட்டை வாங்கிய நாளில் கற்றுக்கொண்ட பாடம் அது.

ஒரு விஷயம் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1984-இல் ஃபில் பெக்லர் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், மகனையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காகச் சைக்கிள் சக்கரம் மாட்டி ஒரு வண்டி செய்தார். அதுதான் பேபி ஜாகர் என்ற கம்பெனியாக வளர்ந்தது. ஓட்டத்துக்கான வண்டியில் முன்சக்கரம் திரும்பாமல் நிற்க வேண்டும், வேகத்தில் அது ஆடினால் ஆபத்து. நமக்கு வேண்டியது அந்த வம்சத்தில் வந்த குட்டி வண்டி, முன்சக்கரம் சுழல்கிற வகை. அதை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. லிஃப்டுக்குள் திருப்ப முடியாத வண்டியை நம் ஊரில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் உயரம் 185. மெலிந்த வண்டிகளில் ஒவ்வோர் அடிக்கும் என் கால் பின் அச்சில் இடிக்கும். நீங்கள் என்ன உயரம்?


ஜூரோங் பாய்:

பதினாறு மாதப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி? எங்கம்மா என்னை இடுப்பில் வைத்தே வளர்த்தார். நடக்க விடுங்கள், கால் பலப்படும்.


கப்பல்பட்டறைத் தாத்தா:

ஜூரோங் தம்பி, உங்கள் அம்மாவுக்கு அப்போது என்ன வயது? கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். பேத்தி நடக்கிறாள், அதில் குறையில்லை. புளோக்கிலிருந்து பஸ் நிறுத்தம் நான் போனால் நான்கு நிமிடம். அவளை நடக்கவிட்டால் முப்பத்தைந்து. வழியில் பூனை மூன்று.

பொங்கோல் அம்மா, பஸ் விஷயம் சொன்னதற்குக் கோடி நன்றி. நேற்றே விரித்தபடி ஏறினேன். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இருந்த ஒரு மூதாட்டி மட்டும் மடக்கு மடக்கு என்று கை காட்டினார், அவரும் என்னைப் போலப் பழைய காலத்திலேயே நின்றுவிட்டார் போல.

நெட்டையன் தம்பி, நான் ஐந்தடி ஐந்து. கைப்பிடி பற்றி நீங்கள் சொன்னது சுருக்கென்று பட்டது. ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு அது தானாகத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனாலும் மூன்று சக்கரத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல விடுங்கள். சின்ன வயதில், தஞ்சாவூர்ப் பக்கம், எனக்குத் தச்சர் செய்து கொடுத்த நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தான். மேடு பள்ளமான வாசலில் அது தடுமாறவே தடுமாறாது. ஏன்? முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். நான்கு கால் இருந்தால் சமமில்லாத தரையில் ஏதோ ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், அட்டையை மடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று கால் எப்படிப்பட்ட தரையிலும் மூன்றும் ஊன்றும். என் பழைய வண்டி ஐந்தடிப் பாதையில் கடகடவென்று ஆடுவது அதனால்தான். முக்காலி ஆடாது, ஆனால் சாயும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதுவும் நியாயம்தான். நுனியில் உட்கார்ந்து நானே விழுந்திருக்கிறேன்.


முன்னாள் கடைக்காரி:

குழந்தைப் பொருள் கடையில் ஆறு வருடம் விற்பனையில் இருந்தவள் நான். இப்போது இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அங்கிள், கடைத் தரை பளிங்கு மாதிரி. காலி வண்டியை அங்கே தள்ளினால் எல்லா வண்டியும் வெண்ணெய்தான். வருகிறவர்கள் நாலடி தள்ளிப் பார்த்துவிட்டு ஆகா என்பார்கள். நீங்கள் போகும்போது பத்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுபோங்கள். இருக்கையில் வைத்துப் பட்டையைப் பூட்டுங்கள். கடைக்குள்ளே இல்லாமல் வாசலில், ஓடு பதித்த இடத்தில் தள்ளிப் பாருங்கள். விற்பவர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடை.

அரிசியோடு வண்டியை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் எட்டுப் போடுங்கள். முன்சக்கரம் வளைவில் நடுங்கினால் வேண்டாம். அப்புறம் பிரேக். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சிலிப்பர்தான் போட்டிருப்போம். மிதித்துப் பூட்டி, கால்விரலால் மேலே தூக்கித் திறக்கிற பிரேக் என்றால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிடும். மிதித்துப் பூட்டி மிதித்தே திறக்கிற வகையைத் தேடுங்கள். ஷூ போட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், சிலிப்பரோடு போங்கள்.

மடக்குவதைப் பணியாளரைச் செய்யச் சொல்லாதீர்கள். நாங்கள் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மடக்குகிறவர்கள், எங்கள் கையில் எது கொடுத்தாலும் பட்டென்று மடியும். நீங்களே, ஒரு கையில் அரிசியைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் மடக்க வேண்டும். மடங்கியபின் தானாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பூட்டாத வண்டி படியேறும்போது வாயைப் பிளக்கும்.

எடை பற்றி. மெலிந்த குடை வகை 6 கிலோ பக்கம். கையடக்க மூன்று சக்கரம் 8 முதல் 10. காற்றுச் சக்கரம் வந்துவிட்டால் 11-க்கு மேல். அட்டையில் போட்டிருக்கும் எடையை நம்பி வாங்காதீர்கள். வெயில் கூரையையும் கீழ்க்கூடையையும் கழற்றிவிட்டு நிறுத்து எழுதியவற்றை நானே விற்றிருக்கிறேன். இன்னொரு எண்ணும் முக்கியம், எவ்வளவு கிலோ பிள்ளை வரை தாங்கும் என்பது. ஐரோப்பியத் தரமான EN 1888-இல் இரண்டு பகுதி உண்டு: முதலாவது 15 கிலோ வரை, இரண்டாவது 15-இலிருந்து 22 கிலோ வரை. உங்கள் பேத்திக்கு இப்போதே 10.4. பதினைந்து கிலோ வண்டி வாங்கினால் மூன்று, மூன்றரை வயதில் மறுபடி இங்கே வந்து கேள்வி கேட்பீர்கள்.

கடைசியாக, நம்மூர்க் கான் (வடிகால்) மூடி. இரும்புக் கம்பிகளை வரிசையாக வைத்த மூடி இருக்கிறதே, அதில் கம்பி ஓடும் திசையிலேயே தள்ளினால் மெல்லிய முன்சக்கரம் இடுக்கில் இறங்கி மாட்டிக்கொள்ளும். நான்கு சக்கர வண்டி ஒரு பக்கம் நின்றுவிடும், மூன்று சக்கரத்தில் முழு வண்டியும் டக்கென்று நிற்கும், நீங்கள் மேலே போய் விழுவீர்கள். இடுக்கைவிடச் சக்கரம் அகலமா என்று அளந்துகொண்டு போங்கள். அளவுகோலும் டேப்பும் உங்களிடம் இல்லாமலா இருக்கும்.


இரவுப்பணி நர்ஸ்:

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். எந்த வண்டி வாங்கினாலும் வெயிலுக்கு என்று மேலே துண்டோ போர்வையோ போட்டு மூடாதீர்கள். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும், நம் வெயிலில் சீக்கிரம் ஏறும். கூரை நீளமாக இறங்குகிற வண்டியாகவும், முதுகுப்பக்கம் வலை இருப்பதாகவும் பாருங்கள். முன்சக்கரத்தில் எனக்குக் கருத்து இல்லை.


கப்பல்பட்டறைத் தாத்தா:

பத்து நாள் ஆகிவிட்டது, எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். முடிந்த கதையைச் சொல்கிறேன்.

அரிசிப் பையோடு மூன்று கடை ஏறினேன். சிலிப்பர்தான், கடைக்காரி அம்மா. முதல் கடையில் பையைப் பார்த்ததும் அங்கிள், டெலிவரியா என்றார்கள். இரண்டாவது கடையில் வாசலில் தள்ள விடவில்லை. அங்கே இருந்த மூன்று சக்கரம் ஒன்றின் பிரேக்கை விரலால் தூக்கிப் பார்த்தேன், ஒரு தடவைக்கே போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது கடைப் பெண் நல்ல பிள்ளை. தானே கதவைத் திறந்துவிட்டு, அரிசிக்குப் பட்டையும் பூட்டிவிட்டாள். எட்டுப் போட்டேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் தேடுவது மூன்று சக்கரம், நீளக் கைப்பிடி, கெட்டிச் சக்கரம், எட்டு கிலோ. புதுசின் விலை கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அரிசிப் பை மட்டும் அன்றைக்குப் பத்தாயிரம் அடி நடந்திருக்கும்.

அப்புறம் மருமகன் பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் தேடி, பேபி ஜாகர் சிட்டி மினியின் பழைய வகை ஒன்றைப் பிடித்தார். 110 வெள்ளி (டாலர்). விற்றவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். பட்டறையில் சாமான் வாங்குகிற மாதிரிதான் பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். முன்சக்கரத்தில் மட்டும் கரகர. கடற்கரை மணல். அந்த வீட்டார் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு அடிக்கடி போவார்களாம். உப்புக் காற்றும் மணலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கப்பல் பட்டறைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சில் லேசாகத் துரு, உள்ளே இன்னும் இறங்கவில்லை. துணியின் மடிப்புகளைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டு கறுப்புப் புள்ளி. அதைக் காட்டி 95 ஆக்கினேன். மருமகனுக்கு வெட்கம், எனக்கு இல்லை.

வீட்டில் முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் மணலை எடுத்து, துருவைத் தேய்த்து, உலர்ந்த சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். எண்ணெய் போடக் கூடாது, எண்ணெய் மணலைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். இப்போது சுற்றிவிட்டால் சத்தமே இல்லை. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, ரசக் கரண்டியை ஒருநாளாவது இப்படித் தேய்த்ததுண்டா என்றாள்.

பெட்டி நிறுக்கும் கைத்தராசில் தூக்கிப் பார்த்தேன், எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இருக்கை நடுவில் ஒரு பட்டை இருக்கிறது, அதைப் பிடித்து மேலே இழுத்தால் வண்டி இரண்டாக மடிந்துவிடுகிறது. அதே பட்டைதான் தூக்கும் பிடியும். முதல் தடவை இழுத்தபோது இவ்வளவுதானா என்று தோன்றியது. நம் ஆட்கள் கோணிப்பையைத் தூக்குவது இப்படித்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மடக்கினாலும் பரப்பு பெரிசு, ஒரு மடக்கு மேசை அளவு. தட்டையாக இருக்கிறது, சின்னதாக இல்லை. விமானத்தில் தலைக்கு மேல் வைக்கிற ஆசை இருப்பவர்கள் இதை வாங்காதீர்கள், அதற்கு யோயோ என்கிற வண்டி மாதிரி 52-க்கு 44-க்கு 18 சென்டிமீட்டராக மடிகிற நான்கு சக்கரம் இருக்கிறது. எனக்கு, கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டிவிட்டேன். தரையில் இடமே பிடிக்கவில்லை. கைப்பிடி ஏற்றி இறக்க முடியாத வகை, எனக்குச் சரியாக இருக்கிறது. நெட்டையன் தம்பிக்குக் குனிய வேண்டியிருக்கும்.

நேற்று தேக்கா பயணம். ரயில் ஏறும்போது திரும்பி நின்று, பின்சக்கரம் முதலில் உள்ளே போகும்படி இழுத்தேன். முன்சக்கரம் எட்டு அங்குலம்தான், திரும்பியிருக்கும் நேரத்தில் நடைமேடை இடுக்கில் இறங்கினால் வம்பு. பெரிய பாரம் இருக்கும் பக்கம் முதலில் தாண்டிவிட்டால் அப்புறம் கவலையில்லை. தோபி காட்டில் மின்படியில் ஏறாமல் லிஃப்ட் தேடியதில் ஏழு நிமிடம் போனது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் நான்கு பேர், நால்வரும் வாலிபர்கள், நால்வர் கையிலும் ஒன்றுமில்லை. சரி, கால்வலியாக இருக்கலாம்.

ஐந்தடிப் பாதையில் வண்டி ஆடவில்லை. முக்காலி. ஒரு கடை வாசல் உயர்ந்திருந்த இடத்தில் குறுக்காக ஏற்றப் போய், உள்பக்கச் சக்கரம் லேசாக எழும்பியது. உடனே நெட்டையன் தம்பி போட்ட கோடு கண்முன் வந்து நின்றது. பின்வாங்கி நேராக ஏற்றினேன். மீன் பையைக் கீழ்க்கூடையில் வைத்தேன், ஒழுகாமல் இருக்க இரண்டு பை போட்டு. மழை தூறியபோது வலது கையில் குடை, இடது கையில் வண்டி. பஃபலோ ரோட்டில் பூக்கட்டும் அக்கா, தாத்தா, புது வண்டியா என்று கேட்டு, முல்லையோடு ஒரு கனகாம்பரத்துண்டும் சேர்த்துக் கொடுத்தார்.

இனி அந்தப் பதினாறு படி. பட்டையைத் தோளில் மாட்ட முடியாது, நீளம் போதாது. கையில்தான். இடது கையில் வண்டி. வலது கையில் பேத்தியின் விரல். அவளைத் தூக்குவதில்லை, அவளே ஏறுகிறாள், நான் கீழ்ப்படியில் நின்று பின்னாலேயே போகிறேன். ஒவ்வொரு படிக்கும் ஒண்ணு என்கிறாள். பதினாறு ஒண்ணு. எட்டாவதில் நின்று மூச்சு விடுகிறோம், எனக்காக. ஜூரோங் தம்பி, நடக்கவிடச் சொன்னீர்களே, பார்த்தீர்களா, உங்கள் பேச்சையும் கேட்டிருக்கிறேன்.


ஜூரோங் பாய்:

அம்மாவிடம் கேட்டேன் ஐயா. அப்போது 24 வயதாம். மன்னித்துவிடுங்கள். அந்தக் கொக்கி எந்த வகை? எங்கள் வீட்டுச் சுவர் கான்கிரீட், சாதாரண ஆணி இறங்க மாட்டேன் என்கிறது.


கப்பல்பட்டறைத் தாத்தா:

ஆணி இறங்காது தம்பி. சுத்தியல் டிரில்லால் எட்டு மில்லிமீட்டர் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, அப்புறம் திருகுக் கொக்கி. துளைக்குள் தூசியை ஊதிவிட்டுச் செருகுங்கள், இல்லையென்றால் பிளக் பாதியிலேயே நின்றுவிடும். வாரநாளில் பகலிலேயே முடித்துவிடுங்கள், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முதலில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய 13 கிலோ நான்கு சக்கர வண்டி சும்மா தருகிறேன், நல்ல நிலையில் இருக்கிறது, கோப்பை வைக்கும் இடம் உட்பட. எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும் வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் இங்கே சொல்லுங்கள். எடுத்துப் போக வருகிறவர் இன்னோர் ஆளையும் கூட்டி வரவும். பதினாறு படி இறக்க வேண்டும்.